பாலூற்றிக் கழுவிய பாம்பு

நல்ல பாம்பு தறிக்குழிக்குள் இருந்தது. நெய்துகொண்டிருந்த மாணிக்கவேலின் இரண்டு கால்களும் அதே குழிக்குள் இருந்தன.

அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுத் தனகோடி, கையில் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பாம்பு என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்குக் குலை நடுங்கும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சித்திரை வெயிலில் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குளிர்ச்சி தேடி வந்த பாம்பு, வலப்பக்கத்து மிதிக்கட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டது. மாணிக்கவேலின் வலது காலுக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இல்லை.

அவன் மிதித்த கால் மிதித்தபடியே இருந்தான். மடிக்கு மேல், நெய்த புடவையைச் சுற்றிய மரம் குறுக்கே கிடந்தது. அதிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் பட்டு இழைகள் பாவாக விறைத்து நீண்டிருந்தன. மரத்தை அவிழ்க்க நேரமாகும்; பாவை அறுத்து மரத்தைத் தூக்கினால் ஆளை அப்படியே மேலே இழுத்துவிடலாம். தம்பி பரசுராமன் கத்தரிக்கோலோடு தயாராக நின்றான்.

மாணிக்கவேல் உதட்டை அசைக்காமல் பேசினான்.

"பாவுல கை வைக்காதடா. முகூர்த்தப் புடவை. இன்னும் ரெண்டு முழந்தான் பாக்கி."

உயிர் போகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று தனகோடி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவள் வீட்டுத் தறியில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான்.

அப்போதுதான் மாணிக்கவேலின் மனைவி தெய்வநாயகி, புடவை மரத்தைத் திருப்புகிற இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தாள்.

எட்டு நாளாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். அவள் குழியின் வலது ஓரத்தில் மெல்ல மண்டியிட்டு உட்கார்ந்தாள். பாவுக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதற்குள் எட்டிப் பார்த்தாள். கம்பியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடியில் மாணிக்கவேல் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டிருக்கும். பாம்பு கொத்திவிட்டது என்றே வாசலில் கூடிவிட்ட தெருக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து. பரசுராமன் பாய்ந்துபோய்க் கையைப் பிடிப்பதற்குள் ஆறாவதும் விழுந்துவிட்டது.

பாம்பு செத்த பிறகு நிதானமாக மரத்தை அவிழ்த்து ஆளை வெளியே தூக்கினார்கள். வலது கால், முழங்காலுக்குக் கீழே மூட்டே இல்லாத இடத்தில் மடங்கித் தொங்கியது. சதையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பாம்புப் பல் பட்ட தடம் எங்கேயும் இல்லை.

பரசுராமன் அண்ணனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். இருட்டுக் குழிக்குள் அடிக்கும்போது அடி தவறுவது சகஜம், கால் போனாலும் உயிர் தப்பியதே என்று தெரு பேசிக்கொண்டது. பாவில் ஓர் இழைகூட அறவில்லை என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்து மெச்சினார்கள்.

நல்ல பாம்பை அடித்த வீட்டில், அடித்தவர் கையாலேயே பொழுது சாய்வதற்குள் அதற்குக் காரியம் செய்துவிட வேண்டும். அதனால் தெய்வநாயகி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தெருப் பெண்கள் மஞ்சள் குங்குமம் எடுத்துவரக் கிளம்பினார்கள். தனகோடி மட்டும் துணைக்கு நின்றாள்.

புழக்கடையில் வாழையிலையை விரித்துப் பாம்பைக் கிடத்தினார்கள். தெய்வநாயகி சொம்பிலிருந்து பாலை ஊற்றினாள். ரத்தமும் குழிமண்ணும் கரைந்து போயின. வாயில் வைக்க வேண்டிய ஒரு ரூபாய்க் காசோடு தனகோடி பயந்து பயந்து குனிந்தாள்.

வைப்பதற்கு வாய் இல்லை. ஒரே அடியில் தலை கூழாகியிருந்தது.

கழுத்துக்குக் கீழே வால்வரைக்கும் ஒரு கீறல் கிடையாது. பாலில் நனைந்து பளபளவென்று கிடந்தது.

தனகோடி நிமிர்ந்து தெய்வநாயகியைப் பார்த்தாள். தெய்வநாயகி சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் ஐந்து அடியும் எங்கே விழுந்தன என்று தனகோடிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்த வலது கால் எந்தெந்த ராத்திரியில் யார் இடுப்பில் இறங்கியது என்று பன்னிரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் செய்தது ஒன்றுதான். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். போன வாரமும் கூட்டினாள். அதை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தெருக்கதவு தட்டப்பட்டது. மஞ்சள் குங்குமத்தோடு பெண்கள் வந்துவிட்டார்கள். ஆறு அடியையும் எண்ணியவள் தனகோடி ஒருத்தி மட்டுமாக இருக்க முடியாது.

"நீ உள்ள போய் மூஞ்சி கழுவிகினு வா. கதவ நான் தெறக்கிறேன்."

தெய்வநாயகி உள்ளே போனாள்.

பால் ஊற்றிவிட்ட நல்ல பாம்பு சாமிக்குச் சமம். அதன்மேல் கால் நிழல்கூடப் படக்கூடாது என்பார்கள். பாம்பைத் தூக்கிவந்த பிறகு சுவரோரம் சாத்தியிருந்த இரும்புக் கம்பியைத் தனகோடி எடுத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கழுத்திலிருந்து வால்வரைக்கும் இடம் விட்டு இடம் விட்டு அடித்தாள். தோல் பிய்ந்து பால் சிவந்தது.

ஐந்து அடி. எண்ணித்தான் அடித்தாள்.

கம்பியைப் பழைய இடத்திலேயே சாத்திவிட்டு, புடவையில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.