ஒரே வரிசையில் இரண்டு சிப்பாய்

“அதோ, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பலகையை முறைச்சுப் பார்க்கிறாங்களே, அவங்க என் மனைவி!”

“தெரியும் சார். உக்காரும்போதே சொன்னீங்க” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

பஸ் டிரைவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஊர் ஷோகி சங்கத்தின் இறுதி ஆட்டத்தில் மனைவி உட்கார்ந்திருக்கும்போது எந்த மனுஷனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

ஷோகி என்பது ஜப்பான்காரர்களின் சதுரங்கம். அதில் வெட்டிய காயைப் பெட்டியில் போட்டுவிட மாட்டார்கள். வெட்டினவர் அதைத் தன் காயாகவே மறுபடி பலகையில் இறக்கலாம். அதனால் ராஜாவுக்கு எந்தப் பக்கத்திலிருந்து அடி விழும் என்று சொல்ல முடியாது. முதலில் அவரைச் சுற்றி ஒரு கோட்டை கட்டியாக வேண்டும்.

கோட்டை கட்டுவதில் டிரைவரின் மனைவி கெட்டிக்காரி. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திவிட்டு வருவாள். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பலகையை விரிப்பாள். ராஜாவை மூலையில் ஒதுக்கி, தங்கத் தளபதி, வெள்ளித் தளபதி என்று காய்களை இடுக்கு விடாமல் நிறுத்துவாள்.

“இப்ப உடைங்க, பார்ப்போம்!”

உடைப்பது டிரைவரின் வேலை. முட்டி மோதி மூக்குடைந்துதான் படுக்கப் போவார். அவசரத்தில், தன் சிப்பாய் ஏற்கெனவே நிற்கிற நெடுவரிசையிலேயே இன்னொரு சிப்பாயையும் இறக்கிவிடுவார்.

“போச்சு! ஒரு வரிசையில ஒருத்தருக்கு ஒரு சிப்பாய்தான். ரெண்டாவதை வெச்சா அங்கேயே தோல்வி. எத்தனை தடவைங்க சொல்றது?” என்று அவள் சிரிப்பாள்.

இப்போது அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், சங்கத்தில் யாராலும் அசைக்க முடியாத பல் டாக்டர்.

“கோட்டையைப் பார்த்தீங்களா? கரடிப் பொந்துன்னு பேரு” என்று டிரைவர் பக்கத்துக்காரரின் காதைக் கடித்தார். “மாசக்கணக்கா இடிச்சுப் பார்த்துட்டேன். ஒரு செங்கல் நகரலை.”

டாக்டர் தன் தேரைப் பக்கவாட்டில் உள்ளே விட்டார். அது அவள் பக்கத்துக் கடைசிக் கிடைவரிசையில் ராஜாவைக் குறிவைத்து நின்றது.

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு கையிலிருந்த சிப்பாயைத் தங்கத் தளபதியின் காலடியில் டக்கென்று வைத்தாள். தேருக்கு வழி அடைபட்டது.

“அடேயப்பா! இனிமே உள்ளே போகவே முடியாது சார்” என்றார் பக்கத்துக்காரர்.

டிரைவர் கை தட்டப் போனார். போன கை பாதியில் நின்றது.

அதே நெடுவரிசையில், பலகையின் நடுவைத் தாண்டி, அவளுடைய இன்னொரு சிப்பாய் நின்றுகொண்டிருந்தது!

அவர் கையை மெதுவாக இறக்கினார். டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தேரை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலையில் இருந்தார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை.

வேடிக்கை பார்ப்பவர்கள் பேசக்கூடாது என்று ஒரு விதி உண்டே. அதுவரை அந்த விதியை மதிக்காத டிரைவர், அப்போது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கட்டை விரலை உயர்த்திச் சிரித்தார்.

அவள் மறுபடி பலகையைப் பார்த்தாள். பிறகு நடுவரைக் கூப்பிட்டாள்.

“சார், நான் தோத்துட்டேன். ஒரே வரிசையில ரெண்டு சிப்பாய் வெச்சுட்டேன், பாருங்க.”

டாக்டர் எழுந்தே விட்டார். “நான் கவனிக்கவே இல்லையேம்மா! நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது!”

கோப்பை டாக்டருக்குப் போனது. கைதட்டல் முழுக்க அவளுக்குத்தான்.

“கொடுத்து வெச்சவர் சார் நீங்க!” என்று பக்கத்துக்காரர் டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிரைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே கூனிக் குறுகியது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் அவளுக்கு இரண்டடி பின்னாலேயே வந்தார். தெருமுனை வந்ததும் நின்றார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நீ அந்தச் சிப்பாயை வெச்ச உடனே நான் பார்த்துட்டேன். பார்த்துட்டும் கமுக்கமா இருந்தேன். யாருக்கும் தெரியாம கோப்பை வந்துட்டா நல்லதுன்னு நெனச்சேன். நீயா கண்டுபிடிச்சு, நீயா ஒத்துக்கிட்டே. உன்னைப் பார்த்துப் பெருமைப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.”

அவள் நடுத்தெரு என்றும் பார்க்காமல் சிரித்தாள்.

“நானா கண்டுபிடிச்சேன்? எனக்கு எங்கங்க தெரிஞ்சது? தேரை மடக்கிட்டோம்னு குஷியாத்தான் நிமிர்ந்தேன். உங்க மூஞ்சி திருடு போன வீடு மாதிரி கிடந்தது. அதுல ஒரு சிரிப்பு வேற! அதைப் பார்த்த பிறகுதான், என்ன தப்புப் பண்ணோம்னு பலகையிலே தேடினேன்.”

டிரைவர் விழித்தார். “அப்போ நான்தான் உன்னைத் தோக்கடிச்சேனா?”

“நீங்கதான்!” என்றபடி அவள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். “இத்தனூண்டு கள்ளத்தனத்தைக்கூட உள்ளே வெச்சுக்கத் தெரியலையே இந்த மனுஷனுக்கு! அங்கே எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க. நான் மனசுக்குள்ளே உங்களுக்குத்தான் தட்டிக்கிட்டிருந்தேன்.”