நூல் எட்டாத ஊர்

“இந்த டோக்கியோவுக்கு எவ்வளவு நேரம்?” என்று கேட்டார் மாமியார். காலையில் தானே கடைக்குப் போய் வாங்கி வந்த உலக உருண்டையின் மேல் தையல் நூலைப் பிடித்தபடி இருந்தார்.

மருமகள் சூயன் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் கிதேவுக்குக் கம்பெனி மூன்று வெளிநாட்டு ஊர்களைக் கொடுத்து, மாலைக்குள் ஒன்றைச் சொல் என்றிருந்தது. அவர்களுடையது ஆந்தோங் ஊரில் வம்சத்தின் மூத்த வீடு. வருஷத்துக்குப் பதினோரு முன்னோர் படையல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் அடுப்படியில் குந்தி மீனும் பூசணியும் வறுத்தாக வேண்டும். ஆண்கள் கும்பிட்டுவிட்டுப் பந்தியில் உட்காருவார்கள். தப்பிக்க அவளுக்கு இருக்கிற ஒரே வழி இந்த மாற்றல்தான்.

“இன்ச்சியோன் ஏர்போர்ட்லேர்ந்து ரெண்டேகால் மணி நேரம், அத்தே.”

“ப்பூ! காலையில கூப்பிட்டா மத்தியானம் வந்து கரண்டியப் பிடிக்கணும்.”

இதையே முடிவு பண்ணிவிடுவார் என்று சூயன் நினைத்தாள்.

“பிராங்க்பர்ட்?”

“பதிமூணு மணி நேரம்மா. தினமும் நேர் விமானம் இருக்கு,” என்றான் கிதே. சூயன் அவன் காலை மிதித்தாள்.

“ஒரு தூக்கம் போட்டு எழுந்தா வீடு!” மாமியார் உச்சுக் கொட்டினார். “அப்புறம் அது என்ன, சாவோ பாலோவா?”

தூரம் தெரிந்தால் விடமாட்டார். சூயன் முந்திக்கொண்டாள். “அதுவும் ஒரு பதினஞ்சு மணி நேரந்தான், அத்தே.”

“யாருகிட்டடி கதை விடுற? நூலே எட்டலையே!”

கிதே வழக்கம்போல் உண்மையைக் கொட்டினான். “பதினெட்டாயிரம் கிலோமீட்டர்மா. நேரா விமானமே கிடையாது. இறங்கி ஏறிப் போய்ச் சேர முப்பது மணி நேரம் ஆயிடும்.”

“படையலுக்கு வான்னு போன் வந்தா?”

“கிளம்பி வந்து சேர்றதுக்குள்ள இங்க சாப்பிட்டுக் கையே கழுவியிருப்பாங்க.”

மாமியார் நூலை உருட்டி மடியில் வைத்தார். மணிக்கட்டில் ஒட்டியிருந்த வலி நிவாரணப் பட்டையை ஒருமுறை அழுத்திக்கொண்டார்.

“அதையே எழுதிக் குடு.”

சூயனால் நம்ப முடியவில்லை. சந்தோஷத்துக்குப் பதிலாக உறுத்தல்தான் வந்தது. “அத்தே… எங்களத் தொலைச்சுத் தலைமுழுகுற அளவுக்குக் கோவமா?”

அப்போது கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. “அங்க என்ன அரட்டை? மீன் வறுத்தாச்சா இல்லையா?”

மாமியார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மகனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“டிக்கெட்டு மூணாப் போடு.”