டிஸ்கில் ஏறிய எண்

“அழிக்க முடியாது சார்” என்றாள் ஸ்யாமளா.

பஞ்சாபகேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மில்லின் கம்ப்யூட்டர் செக்ஷனுக்கு அவர்தான் தலைவர். சற்று முன்புவரை கால் தரையில் பாவாமல் நின்றிருந்தார்.

பின்னே? மதுரையில் கரண்ட் போகாத நாள் ஏது? போய் வரும்போதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பழசை மறந்துவிட்டு, தன்னோடு இணைத்திருக்கும், திரையும் கீபோர்டுமான டெர்மினல்களுக்குப் புதிதாக எண் போடும். ஒன்று ஓடவில்லை என்றால் மற்றதெல்லாம் ஒரு எண் முன்னால் நகரும். சம்பளக் கணக்கு ஸ்டோர்ஸில் வந்து விழும். பஞ்சு இருப்பு டைம் ஆபீஸில் போய் நிற்கும். மில்லே சிரித்தது.

வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகாத ஸ்யாமளாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரின் மூளையான கெர்னல் எந்த டெர்மினலுக்கு எந்த எண் கொடுத்திருக்கிறதோ, அதை ‘சிஸ்டம் கால்’ என்ற கட்டளை மூலம் கேட்டு வாங்கி, கரண்ட் போனாலும் அழியாத டிஸ்கில் அப்படியே எழுதிவைக்கும் புரோகிராம். இனி எத்தனை தடவை கரண்ட் போனால் என்ன? கண் விழித்ததும் டிஸ்கைப் பார்த்துப் பழைய எண்ணையே கொடுக்கும்.

இன்று ஜி.எம். ராஜாராமன் முன்னிலையில் வெள்ளோட்டம். மெயின் சுவிட்சை அவரே அணைத்தார், அவரே போட்டார். ஒவ்வொரு டெர்மினலும் தன் பழைய எண்ணோடு எழுந்தது. ஆளில்லாமல் அணைந்தே கிடந்த அஞ்சாம் டெர்மினலின் எண்ணைக்கூட யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. கைதட்டல்! தானே எழுதியதுபோல் பஞ்சாபகேசன் பூரித்துப்போனார்.

“பலே! இந்தப் பொண்ணுக்கு இன்னைக்கே பெர்மனென்ட் ஆர்டர் போட்டுடலாம்” என்ற ஜி.எம்., போகிற போக்கில் கேட்டார். “அந்த அஞ்சு யாரோடது?”

“பாக்கியத்தோடது சார். திருவாதவூர்லேருந்து வர பொண்ணு. பஸ்லேருந்து விழுந்து கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கறா” என்றார் பஞ்சாபகேசன்.

“வருவாளா மாட்டாளான்னு எத்தனை நாள் பாத்துண்டு இருக்கறது? அந்த எண்ணை டிஸ்க்லேருந்து அழிச்சிடுங்கோ.”

அந்த மில்லில் யூனியனோடு போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. மிஷினின் எண் பதிவில் இருக்கிறவரை, அதை ஓட்டும் ஆளின் வேலையில் யாரும் கைவைக்கக் கூடாது. நூற்பு மிஷினானாலும் சரி, டெர்மினலானாலும் சரி. டெர்மினலுக்கு இனி டிஸ்க்தான் பதிவு.

“இப்பவே அழிச்சுடறோம் சார்” என்று பஞ்சாபகேசன் முந்திக்கொண்டபோதுதான் ஸ்யாமளா அப்படிச் சொன்னாள். சொன்னதோடு நிற்கவும் இல்லை.

“ஒரு தடவை டிஸ்க்ல ஏறிட்டா எடுக்க வழியில்லை சார். தொட்டா மத்த எண்ணெல்லாம் கலைஞ்சுடும்.”

ஜி.எம். முகம் சுண்டிப்போனது. “அப்போ வேலை அரைகுறைன்னு சொல்லு. பெர்மனென்ட்டை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

விறுவிறுவென்று போய்விட்டார்.

பஞ்சாபகேசன் பிடிபிடியென்று பிடித்தார். “என் மானமே போச்சு! எழுதத் தெரிஞ்ச உனக்கு அழிக்க வழி வைக்கணும்னு தோணலையா? அவசரக்குடுக்கை! கையில வந்த ஆர்டரைக் கோட்டை விட்டுட்டு நிக்கறியே!”

“தப்புதான் சார்.”

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சித்திரைத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்தபிறகு, ஒருநாள் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு பாக்கியம் வந்து நின்றாள்.

“வேலை போயிருக்கும்னு பயந்துக்கிட்டேதான் வாரேன் சார்.”

நொண்டி நொண்டிப் போய் உட்கார்ந்து டெர்மினலைப் போட்டாள். திரையில் பளிச்சென்று வந்தது அஞ்சாம் எண்.

“என் நம்பரு அப்படியே இருக்கு சார்! இம்புட்டு நாளும் யாருமே எடுக்கலையே!”

செக்ஷனே எழுந்து கைதட்டியது. ஜி.எம். முன்னால் விழுந்த கைதட்டலெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. பஞ்சாபகேசனும் சேர்ந்து தட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர்ஸ் கிளார்க் வெள்ளைத்துரை எட்டிப்பார்த்தார். “சார், எங்க ஏழாம் டெர்மினல் புகைஞ்சுபோயி, புதுசுக்கு எட்டாம் நம்பர் குடுத்துட்டீக. அந்த ஏழு சும்மாதான கெடக்கு? அதை எடுத்துருங்களேன்.”

“எடுக்கறதாவது! நம்ம ஸ்யாமளா அம்மா எழுதினது கல்வெட்டுப்பா. பிரளயமே வந்தாலும் அழியாது” என்று நக்கலாகச் சிரித்தார் பஞ்சாபகேசன்.

பாக்கியத்தின் காலுக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்த ஸ்யாமளா நிமிராமலே சொன்னாள்:

“ஏழுதானே? அதை நேத்தே அழிச்சுட்டேன் சார்.”