ஏழு கோடியே சொச்சம்

கணக்கு டீச்சர் மதிவதனி ஒரு தாளில் 7,39,39,133 என்று எழுதி நெடுஞ்செழியனிடம் நீட்டினாள்.

“ஒண்ணையும் இதையும் தவிர வேற எதால இது மீதியில்லாம வகுபடும்? கண்டுபுடிக்கிற வரைக்கும் இந்த பெஞ்சை விட்டு ஏந்திரிக்கக் கூடாது.”

“இப்பப் போயி கணக்கா?”

“ஆரணி - கண்ணமங்கலம் பஸ்ஸுல நாள் பூரா மனக்கணக்கு போடற கண்டக்டருதானே நீங்க? போடுங்க.”

அவள் உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது.

ஏழால் வகுத்தான், இரண்டு மிஞ்சியது. பதின்மூன்றால் வகுத்தான், எட்டு மிஞ்சியது. உள்ளேயிருந்து அவள் குரல் உரக்கக் கேட்டதும் எழுந்தான். இன்னும் விடை வரவில்லையே என்று மறுபடி உட்கார்ந்தான்.

இரண்டு மணி நேரத்தில் நான்கு தாள்கள் நிரம்பின. கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“பொண்ணு பொறந்திருக்குங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க.”

நெடுஞ்செழியன் ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் நிற்கவில்லை.

“இருநூறு வரைக்கும் பாத்துட்டேன் மதி, எதுலயும் வகுபடல.”

“படாது. அது பகா எண். கடைசி இலக்கத்தை ஒவ்வொண்ணா அடிச்சிகினே வந்தாலும், ஏழு மட்டும் மிஞ்சற வரைக்கும் பகா எண்தான்.”

“தெரிஞ்சேவா கொடுத்தே?”

“போன வருசம் பிரசவத்துல நம்ம குழந்தை தவறினப்ப, என் சத்தம் கேட்டு கதவுல தலையை முட்டிகினு அழுதீங்களே! சுளுவா வகுபடற எண்ணா இருந்தா, இன்னிக்கும் பாதியிலயே முட்டப் போயிருப்பீங்க.”