ஆறு கட்டம்

“ஏம்மா, இது ஜன்னலா, ஜெயிலா?”

வேதாசலம் கம்ப்யூட்டர் திரையை விரலால் குத்திக் கேட்டார். திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே, வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கும் கடையில் புவனாவுக்கு இது நாலாவது வருஷம். இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை.

“நீங்கதானே சார் ஆறுன்னு சொன்னீங்க? கண்ணாடிக்கு நடுவுல ஆறு சட்டம் போட்டிருக்கேன்.”

“நான் ஆறு கட்டம்னு சொன்னேன். நீ ஆறு சட்டத்தப் போட்டு வச்சிருக்க. எண்ணிப் பாரு, ஏழு கட்டம் வருது. புது வீட்டுக்கு ஏழரையக் கூட்டிகினு வர்றியா?”

தப்பு அவள் பேரில்தான். சாஃப்ட்வேரில் சட்டம் கேட்கும் இடத்தில் ஆறை அழித்துவிட்டு, நெட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு இரண்டு என்று தட்டினாள். வீட்டிலிருந்த அத்தனை ஜன்னலும் ஒரே நொடியில் ஆறு ஆறு கட்டமாகப் பிரிந்தன.

“ஆங்! இப்ப கரெக்ட். ஆறுமுகன் ஊருல கட்டுற வீடும்மா. கண்ணாடியில கூட ஆறு இருக்கணும்.”

சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிருத்திகை தவறாமல் மலையேறுகிறவராம். வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி பிரேமா அதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சார், கிச்சனுக்குக் கிழக்கால ஒண்ணுதான் வெளிச்சுவரு. அதுல ஜன்னலே இல்லையே? புகை எப்படிப் போகும்?”

“கிழக்கால எங்க அண்ணன் பூபாலன் வீடு. அரையடி சந்துக்காக என்னக் கோர்ட்டுக்கு இழுத்தவன். ரெண்டு வருஷமா பேச்சுவார்த்த இல்ல. இவளும் அந்த வீட்டு ஆளுங்களோட பேசக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஜன்னல் ஒண்ணுதான் கொறச்சலா?”

கோபம் தணிந்து முருகன் வந்து உட்கார்ந்த மலை என்றுதான் இந்த ஊருக்குத் தணிகை என்றே பேர். மாசா மாசம் அந்தப் படியேறுகிற மனுஷனுக்கு எல்லாவற்றிலும் ஆறு வேண்டும். மனசு மட்டும் ஆறாது.

“ஒரு சின்ன ஜன்னலாவது வச்சிடலாமே மேடம்? நீங்கதானே அங்க நின்னு வேகப் போறீங்க?” என்றாள் புவனா, பிரேமாவைப் பார்த்து.

“ஒண்ணும் வேணாம்” என்றாள் பிரேமா, வெடுக்கென்று. “ஜன்னல் வச்சா எழுந்ததும் அவ மூஞ்சியிலதான் முழிக்கணும்.”

“யாரு மேடம்?”

“புஷ்பலதான்னு ஒருத்தி. பாவாவோட, அதான் இவரு அண்ணனோட பொண்டாட்டி. என் கூடப் பொறந்த அக்காதான், அதுக்கு என்னா பண்றது? இவருக்கு ஆகாதவ எனக்கு எதுக்கு?”

புவனாவுக்குச் சீ என்று ஆகிவிட்டது. புருஷனுக்கு ஒத்து ஊதுகிற பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். சொந்த அக்காவை ‘ஒருத்தி’ என்று சொல்கிற வாயை இன்றுதான் பார்க்கிறாள்.

வேதாசலத்துக்கோ பெருமை தாங்கவில்லை. “ஆனா சமையக்கட்டுல கிழக்கால ஒரு கதவு வச்சே ஆகணும்னு வாஸ்துக்காரர் சொல்லிட்டாரும்மா. கெட்டியா மரக்கதவு ஒண்ணப் போட்டு அடச்சிடு.”

“ஏங்க, இருங்க” என்றாள் பிரேமா. “எல்லா ஜன்னலுக்கும் ஆறு கட்டம் வச்சிட்டு, இந்தக் கதவ மட்டும் மொட்டையா வுட்டா சாமி குத்தம் ஆயிடாதா?”

வேதாசலம் யோசித்தார். “கண்ணாடிக் கதவுன்னா அந்தப் பக்கம் தெரியுமே?”

“பூக் கண்ணாடி போட்டாப் போச்சு. வெளிச்சம் வரும், ஆளு தெரியாது. அவங்க மூஞ்சிய யாரு பாக்கறது?”

“பாத்தியாம்மா, இது எனக்கே தோணல. பக்தின்னா இதான்!”

புவனா கதவுக்கும் அதே மாதிரி தட்டினாள். நெட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு இரண்டு. ஆறு கட்டம் வந்தது. ஆறுக்கும் பூக் கண்ணாடி கொடுத்தாள். நல்ல ஜோடி, ஒருத்தருக்கு ஒருத்தர் சளைத்தவர் இல்லை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

வேதாசலத்தின் போன் அடித்தது. “சொல்லு நைனா, இங்க சரியா கேக்கல” என்று பேசிக்கொண்டே தெருவில் இறங்கினார்.

அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகத் திரும்பியதும் பிரேமா நாற்காலியைப் புவனாவிடம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏம்மா, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா கண்ணாடி மாத்த முடியுமா?”

“முடியும் மேடம்.”

“ஆசாரி இதப் பாத்துதானே கதவு செய்வாரு?”

“ஆமா.”

“அப்ப சமையக்கட்டுக் கதவுல ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் சாதாக் கண்ணாடி போட்டுடும்மா. அந்தப் பக்கம் பளிச்சுன்னு தெரியணும்.”

புவனாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. “சார் பாத்துட்டா?”

“அவரா? சமையக்கட்டுப் பக்கம் அவரு வந்து இருவது வருஷம் ஆவுது.”

புவனாவுக்குச் சிரிப்பு வந்தது. பிரேமா நல்ல உயரம். அவள் கண்ணுக்கு நேராக வரட்டும் என்று மேல் வரிசையில் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

“மேல வேணாம்மா, நடு வரிசையில போடு” என்றாள் பிரேமா, வாசலைப் பார்த்துக்கொண்டே. “நான் குனிஞ்சுக்குவேன். எங்க அக்கா குள்ளம்.”