சம்பந்தியின் ஷூ

கொரியப் பள்ளத்தாக்கு ஒன்றில் பழங்காலப் புலவர்கள் ஓடையோரமாகக் கட்டிவைத்த ஏழு மண்டபங்களிலும் ஏறி நின்று, நாச்சிமுத்து தன் சம்பந்தி காளியண்ணனைத் திட்டித் தீர்த்தார். ஓடை மீன்களுக்கெல்லாம் கொங்குத் தமிழ் பழகிவிட்டது. கொரியாவில் குடித்தனம் நடத்தும் மகளைப் புருஷனிடமிருந்து பிரித்து மறுநாளே ஊருக்குக் கூட்டிப்போக அவர் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

“இந்தப் பாறையில இருக்கற ஈரங்கூட உங்க பையன்கிட்ட இல்லீங்க!”

கடைசி மண்டபத்தில் காளியண்ணன் கழற்றி வைத்த ஷூக்களில் ஒன்றை நாச்சிமுத்து ஓடைக்குள் எத்திவிட்டார். அது கப்பல் மாதிரிக் கம்பீரமாகப் போனது.

காளியண்ணன் மற்றதை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“இதையும் எத்திவுடுங்க சம்பந்தி. ஒத்தையா இருந்து இது என்னங்க பண்ணும்?”

வாங்கிய ஷூ நாச்சிமுத்துவின் கையில் யானைக்குட்டியாய்க் கனத்தது. கீழே, மிதந்து போவதைப் பிடிக்க மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.