இடி வாங்கிய ஷட்டர்

ஆயுத பூஜையன்று சக்கரத்தடி எலுமிச்சம்பழத்தை நசுக்க முன்னால் நகர வேண்டிய கார், பின்னால் பாய்ந்து ஷெட்டின் ஷட்டரை இடித்தது. ஷட்டர் தன் தடத்தை விட்டுக் கழன்று கோணலாகத் தொங்கியது.

ஓட்டிய வீட்டுக்காரர் இறங்கி வந்து காரைத் தடவிக்கொடுத்தார், ஷட்டரை உதைத்தார்.

"இடிச்சது நீ, உதை எனக்கா? வெயில்லயும் மழையிலயும் உன்னைக் காத்தது யாருடா?" என்று காரிடம் கொதித்தது ஷட்டர்.

"உன் கண்ணுதான் பட்டிருக்கும்" என்றது மாலை போட்டிருந்த கார்.

வீட்டுக்காரர் பூசணிக்காயால் காருக்குத் திருஷ்டி சுற்றினார். அடுத்து நமக்குத்தான் என்று ஷட்டர் கொஞ்சம் நிமிரப் பார்த்தது.

"ரோட்டுல உடைச்சா யாராவது வழுக்கி விழுவாங்க. இதுதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே!" என்றவர், பூசணிக்காயை ஓங்கி ஷட்டர் மேலேயே உடைத்தார்.